எண்ணெய் உற்பத்தி உச்சம்

எண்ணெய் உற்பத்தி உச்சம் என்பது, பாறை எண்ணெய் உற்பத்தி மிக உயர்ந்த அளவை எட்டி, பின்னர் மீளாமல் குறையத் தொடங்கும் காலத்தைக் குறிக்கும்.

அமெரிக்க உற்பத்தி, எண்ணெய் இருப்பின் அளவைப் பொறுத்து 1965 அல்லது 1970ஐ ஒட்டி உச்சமடையும் என்று புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1956 இல் கணித்தார். 1970 இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 இலட்சம் பீப்பாய்களை எட்டிய உற்பத்தி, 2008 இல் சுமார் 50 இலட்சமாகச் சரிந்தது.

உலக உற்பத்தி 2000 ஆம் ஆண்டளவில் உச்சமடையும் என்ற அவரது மற்றொரு கணிப்பு பலிக்கவில்லை. களிப்பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியதால், 2018 இல் அமெரிக்க உற்பத்தியும் பழைய உச்சத்தைக் கடந்தது. எடுக்கக்கூடிய எண்ணெயின் அளவு விலையையும் தொழில்நுட்பத்தையும் பொறுத்து மாறும் என்பதை இது காட்டியது. எனினும், களிப்பாறைக் கிணறுகளின் உற்பத்தி முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகக் குறைவதால் விவாதம் இன்னும் ஓயவில்லை.