வி. எஸ். ராமச்சந்திரன்

விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் (பிறப்பு: ஆகஸ்ட் 10, 1951) தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிவியலாளர் ஆவார். மாய உறுப்பு, நனவுநிலை, பிறரை மனித மூளை அறிந்துகொள்ளும் விதம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றினார்.

வாழ்க்கை

இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினரான அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் இவருடைய பாட்டனார். தந்தை பொறியியலாளர், அவர் ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணிபுரிந்ததால் ராமச்சந்திரனின் பள்ளிப்படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலும் அமைந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். இரு கண்களால் ஆழத்தை உணர்தல் பற்றி இவர் பிறருடன் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் சான் டியேகோவில் சேர்ந்தார். தொடக்க கால ஆய்வுகள் பெரும்பாலும் பார்வைப்புலன் பற்றியவை.

மாய உறுப்பு

கை துண்டிக்கப்பட்ட பலர் அக்கை இன்னும் இருப்பதாகவே உணர்கின்றனர். சிலருக்கு அதில் கடும் வலியும் உண்டு. இத்தகைய ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் ராமச்சந்திரன் தொட்டபோது, இல்லாத விரல்களிலும் தொடுகை உணரப்பட்டது. மூளையின் மேற்பரப்பில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கையிலிருந்து செய்தி வராத நிலையில், முகத்தின் செய்திகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது இவரது விளக்கம். முதிர்ந்த மூளையின் இணைப்புகள் மாறாதவை என்ற அக்காலத்துப் பரவலான கருத்துக்கு இது எதிரானது.

அடுத்து வந்தது கண்ணாடிப் பெட்டி. நடுவில் கண்ணாடி நிறுத்திய சாதாரணப் பெட்டிதான். நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நோயாளி கையை அசைத்தால் மாயக்கையும் அசைவதாக உணர்வார். இறுகிக் கிடந்த மாயக்கை தளர்ந்து சிலருக்கு வலி குறைந்தது. 2007இல் அமெரிக்கப் படைவீரர்களிடம் பிறர் நடத்திய சிறு சோதனையில், கண்ணாடியைப் பயன்படுத்திய ஆறு பேருக்கும் வலி குறைந்தது. எல்லா நோயாளிகளுக்கும் இம்முறை ஒரே அளவில் பயன்படுவதில்லை. ஆயினும் பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சியிலும் இது இடம்பெற்றுள்ளது.

பிறரை அறிதல்

தாயைப் பார்த்து, "இவர் என் தாயைப் போலிருக்கும் வேறொருவர்" என்று கூறுவோர் உண்டு. காப்கிராஸ் மயக்கம் எனப்படும் இந்நிலையை ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997இல் ஆராய்ந்தனர். அவர்கள் ஆராய்ந்த இளைஞர் தொலைபேசியில் பேசும்போது பெற்றோரை ஐயமின்றி ஏற்றார். முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் உணர்ச்சிக்குரிய பகுதிக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருக்கலாம் என்று இருவரும் கருதினர். இதற்கு முன்னோடியான விளக்கத்தை எல்லிஸ், யங் என்போர் 1990இல் முன்வைத்திருந்தனர்.

கண்ணாடி நியூரான்களும் தன்னுணர்வும்

இத்தாலியின் பார்மா நகரில் ரிசொலாட்டி குழுவினர் குரங்குகளிடம் கண்டறிந்த சில நியூரான்கள், தான் ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்யக் காணும்போதும் தூண்டப்படுகின்றன. உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ, உளவியலுக்கு இவை அப்படி அமையும் என 2000ஆம் ஆண்டில் ராமச்சந்திரன் எழுதினார். பிறர் மனத்தை அறிய உருவான அமைப்பு உள்நோக்கித் திரும்பியதால் தன்னுணர்வு தோன்றியிருக்கலாம் என்பது இவரது கருதுகோள். தன்னை அறிதல் முதலில், பிறரை அறிதல் பின்னர் என்ற வழக்கமான வரிசையை இது புரட்டிப் போடுகிறது.

இக்கருதுகோள்களே கூடுதல் விமரிசனத்துக்கு உள்ளாயின. தன்மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடையோரிடம் கண்ணாடி நியூரான்கள் குன்றியிருப்பதாக இவரது குழு 2005இல் 10 பேரிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு கூறியது. பின்வந்த ஆய்வுகள் பல அதை உறுதிசெய்யவில்லை. கிரெகரி ஹிக்காக் 2014இல் இக்கோட்பாட்டை மறுத்து ஒரு நூலே எழுதினார். சில நோயாளிகளை நேரில் நுணுகி நோக்குவது ராமச்சந்திரனின் வழி. மாய உறுப்பு ஆய்வில் பெரும்பலன் தந்த அவ்வழி, இங்கு அதே வலுவுடன் நிற்கவில்லை.

பிற

'பேண்டம்ஸ் இன் தி பிரெய்ன்' (1998, சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன்) இவரது புகழ்பெற்ற நூல். 2003இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றினார். 2007இல் பத்ம பூசண் விருது பெற்றார். 2009இல் விவரிக்கப்பட்ட ஒரு தொன்மாவுக்கு மினோட்டாரசாரஸ் ராமச்சந்திரனி எனப் பெயரிடப்பட்டது. அதன் மண்டையோட்டுப் புதைபடிவத்தை விலைக்கு வாங்கி ஆய்வுக்கு அளித்தவர் இவரே.