அபுரி மலையில் இரண்டு நாள்

கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து வடக்கே மலையேறினால் அபுரி வரும். பக்கத்திலேயே, குவாமே என்க்ரூமா ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்ட பெடுவாசே மாளிகை. 1967 ஜனவரி 4ஆம் தேதி அந்த மாளிகைக்கு வந்து சேர்ந்தவர்கள் நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர்கள். வரவேற்றவர் கானாவின் ஜெனரல் அங்க்ரா. முந்தைய பிப்ரவரியில் என்க்ரூமாவைக் கவிழ்த்த ராணுவ ஆட்சியின் தலைவர். தங்கள் வீட்டுச் சண்டையைப் பேசித் தீர்க்க நைஜீரியர்களுக்குத் தங்கள் நாட்டுக்குள் ஓர் இடம் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 1966 ஜனவரி 15 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் நடத்திய புரட்சியில் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவும் வடக்கின் முதல்வர் அகமது பெல்லோவும் கொல்லப்பட்டார்கள். அந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் கிழக்கைச் சேர்ந்த இக்போக்கள். பிறகு ஆட்சியைக் கையில் எடுத்த ஜெனரல் இரோன்சியும் இக்போ. மே மாதம் அவர் கூட்டாட்சியையே ரத்து செய்தார். வடக்கில் கலவரம் மூண்டது. ஜூலையில் வடக்கு வீரர்கள் பதிலடி கொடுத்து இரோன்சியைக் கொன்றார்கள். அதன்பின் வடக்கு நகரங்களில் வாழ்ந்த இக்போக்களை வேட்டையாடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்குக்குத் திரும்பினார்கள். வடக்கு வீரர்கள் காவல் நிற்கும் அன்றைய தலைநகர் லாகோசுக்கு வந்தால் தலை தப்பாது என்று கிழக்கின் ஆளுநர் ஒஜுக்வு சொன்னதை மிகை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எதிரெதிரே அமர்ந்தவர்கள் இருவருக்கும் வயது முப்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. ஆட்சித் தலைவர் யாக்குபு கோவோனுக்கு 32. வடக்கின் சிறுபான்மை இனமொன்றில் பிறந்த கிறிஸ்தவர், தொழில்முறைச் சிப்பாய். ஒஜுக்வுக்கு 33. லாரிப் போக்குவரத்தில் பெரும்பணம் சேர்த்தவரின் மகன், ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தவர். கோவோனைத் தலைவராக ஏற்க முடியாது, அவரைவிட மூத்த அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பது ஒஜுக்வுவின் பிடிவாதம்.

ஆனால் அபுரியில் நடந்தது வேறு. தகராறுகளைத் தீர்க்க ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழியை ஒஜுக்வு முன்வைத்தார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே படையில் பணிபுரிந்தவர்கள் அல்லவா? 'ஜாக்', 'எமெக்கா' என்று செல்லப்பெயரில் கூப்பிட்டுக்கொண்டார்கள். பேச்சு சிக்கலே இல்லாமல் ஓடியது. ஒலிநாடாவில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

தொல்லை அந்தச் சுமுகத்திலேயே ஒளிந்திருந்தது. ஒஜுக்வு வீட்டுப்பாடம் செய்து, தாள்களோடு வந்திருந்தார். கோவோன் மனத்தாங்கலை ஆற்றிவிட்டு வரலாம் என்ற நினைப்பில் வந்திருந்தார். நாடு முழுவதையும் பாதிக்கும் முடிவுகளுக்கு எல்லா ஆளுநர்களின் இசைவும் வேண்டும், ராணுவம் பிராந்தியவாரியாகப் பிரிக்கப்படும், பிராந்திய அதிகாரத்தைக் குறைத்த ஆணைகள் நீக்கப்படும், இடம்பெயர்ந்த அரசு ஊழியர்களுக்கு மார்ச் 31 வரை சம்பளம் உண்டு என்றெல்லாம் முடிவாயிற்று. முதல் மூன்றும் மைய அரசின் அடித்தளத்தையே மாற்றக்கூடியவை. ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்க ஒரு சட்ட நிபுணர் கோவோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

லாகோசில் அந்தக் கேள்வியை அதிகாரிகள் கேட்டார்கள். நடுவண் செயலாளர்கள் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து, இது நாட்டைச் சிதைத்துவிடும் என்று குறிப்பு எழுதினார்கள். ஜனவரி முடிவதற்குள் கோவோன் வேறு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கிழக்கோ அபுரி ஒலிப்பதிவை இசைத்தட்டுகளாகவே வெளியிட்டது. அபுரியில் சொன்னதில் உறுதியாக நிற்கிறோம் என்பது அங்கே முழக்கமாயிற்று.

பழியை அதிகாரிகள் தலையில் கட்டிவிடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மார்ச் 17 அன்று வந்த 8ஆம் எண் ஆணை அபுரியில் பேசியதில் பெரும்பகுதியைச் சட்டமாக்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கவும் பிராந்தியத்தில் தலையிடவும் மையத்துக்கு வழி வைத்த ஓரிரு பிரிவுகள்தான் உறுத்தல். ஒஜுக்வு மொத்தத்தையும் நிராகரித்தார். முந்தைய ஆண்டின் பிணங்களை எண்ணியவருக்கு அந்தப் பிரிவுகளே முழுச் சட்டமாகத் தெரிந்திருக்கலாம். மறுக்காமல் ஏற்றிருந்தால் காலமாவது கிடைத்திருக்கும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிழக்கில் வசூலாகும் நடுவண் வரியை ஒஜுக்வு தன்வசப்படுத்தினார். லாகோஸ் விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. மே மாதத் தொடக்கத்தில் மேற்கின் தலைவர் அவோலோவோ கிழக்கின் தலைநகர் எனுகுவுக்கே போய்ச் சமாதானம் பேசிப் பார்த்தார். மே 27 அன்று கோவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். கிழக்கு மூன்று துண்டானது. எண்ணெய் வளத்தில் பெரும்பங்கு இக்போ அல்லாத சிறுபான்மையினரின் மாநிலங்களுக்குப் போனது. மூன்றாம் நாள், கிழக்கு இனி பயாஃப்ரா என்னும் தனிநாடு என்று ஒஜுக்வு அறிவித்தார். ஜூலை 6ஆம் தேதி துப்பாக்கி வெடித்தது.

முற்றுகையும் பட்டினியுமாக நடந்த அந்தப் போரில் மாண்டவர்கள் ஐந்து லட்சம் என்பாரும் உண்டு, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். 1970 ஜனவரி 15 அன்று லாகோசில் கோவோன் முன்னிலையில் பயாஃப்ராவின் சரணடைவு முறைப்படி முடிந்தது. அபுரியில் பேச்சு முடிந்து அன்றோடு மூன்று ஆண்டும் பத்து நாளும் ஆகியிருந்தன. ஒஜுக்வு அங்கே இல்லை. சில நாட்களுக்கு முன்பே விமானமேறி ஐவரி கோஸ்ட்டில் தஞ்சம் புகுந்திருந்தார்.