மேஷியும் மம்பட்டியும்

நோர்வூட் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

சென்ற மாதம் தரம் 10 வரலாற்றுப் பாடத்துக்கு, வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செம்பு வந்தது, வெற்றிலைப் பெட்டி வந்தது, கொழுந்துக் கூடை வந்தது. ஒரு பிள்ளை துணியில் சுற்றி ஓர் இரும்புத் துண்டைக் கொண்டுவந்தாள். லயத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்ததாம். சாம்பல் போட்டுத் தேய்த்ததும் எழுத்துத் தெரிந்தது: "மேஷி". அது கோல்ப் மட்டையின் தலை. அவளுடைய தாத்தாவின் அப்பா நுவரெலியா கோல்ப் மைதானத்தில் புல் வெட்டியவராம். பிடி உடைந்து, கழுத்துக் குழாய்க்குள் மரத்துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

இது எப்படி நம் மலைக்கு வந்தது? 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவரைப் போலவே தோட்டத்துரைமார் பலரும் அங்கிருந்து வந்தவர்கள். கிளென்கேர்ன், ஃபோர்டைஸ் என்று நாம் தினமும் சொல்லும் பெயர்களில் அந்த மண்ணின் வாடை இருக்கிறது. 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை பரவியது. ரயில் 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. 1889 இல் நுவரெலியா கோல்ப் கழகம் உருவானது. கொழும்பில் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1879 இல், கழகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்து மட்டைக்குப் பிடி மரம்தான். அமெரிக்காவின் ஹிக்கரி மரம். வளையும், அதிர்ச்சியைத் தாங்கும், சுலபத்தில் முறியாது. அங்கே கோடரிக்கும் சுத்தியலுக்கும் போடுவதும் அதே மரம்தான். மரத்தலை மட்டை என்றால் தலையையும் பிடியையும் சாய்வாகச் சீவி, ஒட்டி, நூலால் இறுகச் சுற்றுவார்கள். இரும்புத்தலை என்றால் கழுத்துக் குழாய்க்குள் பிடியை இறக்கி, குறுக்கே ஓர் ஆணி அறைவார்கள். 1929 இல் ஸ்கொட்லாந்தின் சென் அண்ட்ரூஸ் கழகம் உருக்குப் பிடியை அனுமதித்ததும் மரத்தின் காலம் முடியத் தொடங்கியது. மேஷி, நிப்லிக் என்ற பெயர்களும் மறைந்து, வெறும் இலக்கங்கள் வந்தன. இன்று காபன் நார்ப் பிடியைக்கூட வீட்டிலேயே மாட்டுகிறார்கள். நுனியை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பசைகளைக் கலந்து பூசி, இறக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் போதும்.

நமக்குப் பசை தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளையின் தாத்தா பாடசாலைக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர், கை கொஞ்சம் நடுங்குகிறது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது கவ்வாத்துக் கத்திய விடச் சின்ன வேலை" என்றார்.

முதலில் பழைய ஆணியைத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்த மரத்தை நெருப்பில் சுட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரண்டு நாள் வெயிலில் வைத்தார். மரம் சுருங்கி, துளைத்ததும் தூளாக வந்துவிட்டது. பிடிக்கு அவர் கொண்டுவந்தது அடுப்புக்கு மேலே மாதக்கணக்கில் புகையில் காய்ந்த கொய்யாக் கொப்பு. பச்சைக் கொப்பைப் போட்டால் பிறகு காய்ந்து சுருங்கும், தலை கழன்று பறக்கும். குழாய்க்குள் விளக்குக் கரியைப் பூசினார். கொப்பை உள்ளே விட்டு எடுத்தால் எங்கே கரி படுகிறதோ அங்கே மட்டும் சீவினார். இப்படி ஏழெட்டுத் தடவை.

கடைசியில் நான் தலையின் மேல் சுத்தியலை ஓங்கினேன். கையைப் பிடித்துவிட்டார். "தலைய அடிக்கப்படாது மாஸ்டர். கம்ப நிமித்திப் பிடிச்சு, தலை கீழ தொங்கட்டும். மேல் நுனிய அடிங்க." அடிக்க அடிக்க, கீழே தொங்கிய தலை தானாக மேலே ஏறி இறுகியது. விஞ்ஞானப் புத்தகத்தில் சடத்துவம் என்று படிப்பிக்கிறோமே, அதுதான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மம்பட்டிக்கும் முள்ளுக்கும் காம்பு போட்டே இதைக் கற்றவர் அவர். பாடசாலைக்குப் போனது இரண்டாம் வகுப்பு வரைதான்.

பிறகு ஒரு பையன் கேட்டான்: "சேர், இந்த மட்டைய ஆடின துரைமாரைப் பத்தி புத்தகம் இருக்கு. புல்லு வெட்டினவங்களப் பத்தி?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பந்து உருளும் புல்லை அளவாக வெட்டிய அந்த மனிதர் அந்தச் சட்டத்தோடு நாடற்றவரானார். அவருடைய மகன், எங்கள் முன்னால் கொய்யாக் கொப்பைச் சீவிக்கொண்டிருந்த அதே ஐயா, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டின் பிரஜை. அவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. குறுக்காணியை அறைந்து, இரண்டு முனையையும் அரத்தால் மட்டமாக்கி, மட்டையைப் பேத்தியிடம் கொடுத்தார்.

அது இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. பக்கத்திலேயே அவர் காம்பு போட்டுத் தந்த ஒரு மம்பட்டியும். இரண்டுக்கும் கீழே அவருடைய பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எங்க அப்பா பேர எழுதுங்க" என்றார். எழுதியிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் கொடுப்பதற்கு முன், வீட்டிலுள்ள பெரியவரிடம் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். அந்தப் பையன் கேட்ட புத்தகத்தை அப்படித்தான் நாம் எழுத முடியும்.