கையில் உள்ள எழுத்துகளில் ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி?

தோசைக்கும் சோடாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள்தான். டி, ஓ, எஸ், ஏ என்று அடுக்கினால் தோசை. அதையே எஸ், ஓ, டி, ஏ என்று மாற்றினால் சோடா. இரண்டுமே ஆங்கில அகராதியில் இருப்பதால், ஸ்கிரேபல் ஆட்டத்தில் எதை வைத்தாலும் புள்ளி கிடைக்கும்.

கொடுத்த எழுத்துகளிலிருந்து சொல் கண்டுபிடிக்கும் இந்தப் பயிற்சி குறுக்கெழுத்துக்கும் ஸ்கிரேபலுக்கும் அடிப்படை. 2022 ஆம் ஆண்டு கைப்பேசிகளில் பரவிய வேர்டல் விளையாட்டுக்கும் அதுவே. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று ஒதுங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

முதலில் கேள்வி எது என்பதில் தெளிவு வேண்டும். கையில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைப்பது ஒரு வகை. அந்த எழுத்துகள் இடம்பெற வேண்டும், வேறு எழுத்துகளும் சேரலாம் என்பது இன்னொரு வகை. நெடுஞ்சாலைப் பயணத்தில் பிள்ளைகள் வண்டி எண் பலகையைப் பார்த்து விளையாடுவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. முன்னால் போகும் பேராக் வண்டியின் பலகையில் ஏ, கே, எல் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்துகள் அதே வரிசையில் வர வேண்டுமென்றால் கணுக்காலைக் குறிக்கும் ஆங்கில், மின்னுவதைக் குறிக்கும் ஸ்பார்க்கில் ஆகியவை பொருந்தும். வரிசை தேவையில்லை என்றால் வாக் என்ற எளிய சொல்லே போதும். இந்த விதியை முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் தைப்பிங் வருவதற்குள் பின் இருக்கையில் சண்டை வந்துவிடும்.

எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடும்போது, அவற்றைக் கலைத்துப் போட்டு வெறித்துப் பார்ப்பதால் பயனில்லை. சொல்லின் தலையும் வாலும் எவையாக இருக்கலாம் என்று பார்த்து அவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற 7 எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் இ, ஆர் வரட்டும் என்று ஒதுக்கினால், மிச்சத்தில் கறை என்னும் ஸ்டெய்ன் தெரியும், சேர்த்தால் ஸ்டெய்னர். ஐ, இ, ஆர் மூன்றையும் ஒதுக்கினால் நாஸ்டியர். முன்னால் ஆர், இ இரண்டையும், கடைசியில் எஸ்ஸையும் வைத்தால் ரிடெய்ன்ஸ். கண்ணின் விழித்திரையைக் குறிக்கும் ரெட்டினாவின் பன்மையும் இதே எழுத்துகளில் ஒளிந்திருக்கிறது. ஸ்கிரேபலில் 7 கட்டைகளையும் ஒரே முறையில் வைப்பவருக்குக் கூடுதலாக 50 புள்ளிகள் உண்டு என்பதால், இந்த ஏழும் கையில் வந்தால் அனுபவசாலிகள் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், நாளிதழில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே கட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். மொத்தம் 100 கட்டைகளில் இ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். எஸ் கட்டைகள் 4 மட்டுமே. எல்லாச் சொல்லின் பின்னும் எஸ்ஸை ஒட்டி எளிதாகப் பன்மையாக்குவதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு.

கணினி வேறு வழியில் தேடுகிறது. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. கவனிப்பதைக் குறிக்கும் லிசன் என்ற சொல்லை அப்படி அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டி என்று வரும். அமைதியைக் குறிக்கும் சைலண்ட், படையில் சேர்வதைக் குறிக்கும் என்லிஸ்ட் ஆகியவற்றை அடுக்கினாலும் அதே வரிசைதான். ஒரே வரிசை கொண்ட சொற்களைச் சேர்த்து வைத்திருப்பதால், கேட்ட நொடியில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. இணையத்தில் இதற்கென்றே தளங்கள் உள்ளன. ஆனால், தளத்தை முதலில் திறந்துவிட்டால் பிள்ளைக்கு விடை கிடைக்கும், பழக்கம் கிடைக்காது. தாளில் ஐந்து நிமிடம் முயன்ற பிறகு, தவறவிட்ட சொற்களைத் தெரிந்துகொள்ள மட்டும் திறப்பது நல்லது.

எந்த அகராதி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அனைத்துலகப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 127. இட்லியும் சாம்பாரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கியூவுக்குப் பின் யூ வந்தே தீர வேண்டும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு ஃபகீர், தலாக் ஆகிய சொற்கள் வியப்பளிக்கும். நம் நாட்டில் அடிக்கடி காதில் விழும் இந்தச் சொற்களில் யூவே கிடையாது.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இதில் ஒரு சிறு தடை உண்டு. தமிழில் 'கா' என்பது ஒரே எழுத்து. அதிலுள்ள மெய்யை ஓரிடத்திலும் உயிரை வேறிடத்திலும் வைத்துப் பார்க்க நம் கண் பழகியதில்லை. ஆங்கிலத்தில் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மற்றபடி எழுத்து விளையாட்டு நமக்குப் புதிதன்று. விகடகவியைத் திருப்பிப் படித்துச் சிரிக்காத தமிழ் வகுப்பு இல்லை. திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

2007 ஆம் ஆண்டு மும்பையில் நடந்த உலக ஸ்கிரேபல் போட்டியின் இறுதிச் சுற்றுவரை வந்தவர் மலேசியரான கணேஷ் ஆசிர்வாதம். அவரை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர். இந்த ரிச்சர்ட்ஸ், 2015 ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி உலகப் போட்டியையும் 2024 ஆம் ஆண்டு ஸ்பானிய மொழிப் போட்டியையும் வென்றார். இரண்டு மொழிகளும் அவருக்குப் பேச வராது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே வென்றார்.

இன்று வீட்டில் தொடங்க விரும்புவோர் டீச்சர் என்ற சொல்லின் 7 எழுத்துகளை ஆங்கிலத்தில் தனித்தனித் தாளில் எழுதி மேசையில் பரப்பலாம். ஏமாற்றுக்காரரைக் குறிக்கும் சீட்டர் அதில் விரைவில் கிடைத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. செம்பனை நிலத்தை அளக்கும் அலகுகளில் ஒன்று அது: ஹெக்டர்.