கவிஞன் எழுப்பிய வினாவும் செய்தித்தாள் தந்த விடையும்

1917ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் விடியற்காலையில் பிளாண்டர்ஸ் களத்தில் பிரிட்டிஷ் படைகள் மூன்றாம் ஈப்பர் போரைத் தொடங்கின. அதே நாள் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் ஒரு படையதிகாரியின் அறிக்கை அச்சாகியிருந்தது. தற்காப்புக்காகவும் பிறர் விடுதலைக்காகவும் தொடங்கிய போர் நாடு பிடிக்கும் போராக மாறிவிட்டது. முடித்து வைக்கும் ஆற்றலுடையோரே அதனை வேண்டுமென்று நீட்டிக்கின்றனர். அதற்குத் தாம் இனியும் உடந்தையாக இருப்பதற்கில்லை என்பது அதன் சாரம். எழுதியவர் சீக்பிரீட் சசூன். கவிஞர், வயது முப்பது, களத்தில் காட்டிய வீரத்திற்காக 1916இல் 'மிலிட்டரி கிராஸ்' விருது பெற்றவர்.

போர் எதிர்ப்புக் குரல் நாளிதழில் இடம்பெறுவது அன்று எளிதாக இல்லை. 1914 ஆகஸ்டில் இயற்றப்பட்ட நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், படைக்கு ஆள் சேர்வதற்கு ஊறு செய்யும் எழுத்தைக் குற்றமாக்கியது. 'டைம்ஸ்', 'டெய்லி மெயில்' ஆகிய இரண்டும் போரைத் தீவிரமாக ஆதரித்த நார்த்கிளிப் பிரபு ஒருவருக்கே உரியவையாக இருந்தன. சசூனின் அறிக்கை வெளிவருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் லண்டன் சகோதரத்துவத் தேவாலயத்தில் கூடிய சமாதானக் கூட்டத்தை ஒரு கும்பல் புகுந்து கலைத்திருந்தது.

இத்தகைய சூழலில் அவ்வறிக்கைக்கு வழி திறந்தது நாடாளுமன்றம். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் திறனாய்வாளர் மிடில்டன் மர்ரியும் அதனை எழுதுவதில் சசூனுக்குத் துணை நின்றனர். ஜூலை 30ஆம் நாள் லீஸ்-ஸ்மித் என்னும் உறுப்பினர் அதனைக் காமன்ஸ் சபையில் படித்தார். அவை நடவடிக்கை என்ற வகையில் அது மறுநாள் நாளிதழில் ஏறியது.

அரசு அதனை மறுத்து வாதாடவில்லை. போர்த்துறைத் துணை அமைச்சர் மக்பெர்சன், எழுதிய இளைஞர் உடல்நலம் குன்றியவர். அத்தகைய மனநிலையில் எழுந்த தாளைப் பயன்படுத்த உறுப்பினர்கள் தயங்க வேண்டும் என்று மட்டும் கூறினார். இராணுவ நீதிமன்றத்தை எதிர்பார்த்திருந்த சசூனை, நண்பரும் கவிஞருமான ராபர்ட் கிரேவ்ஸ் வற்புறுத்தி மருத்துவக் குழுவின் முன் நிறுத்தியிருந்தார். நண்பரைக் காக்க வேண்டும் என்பதே கிரேவ்ஸின் நோக்கம். ஆயினும் அந்த அன்பே அரசுக்கு உரிய விடையைத் தேடித் தந்தது. அறிக்கையில் உள்ளது உண்மையா என்ற வினா மறைந்து, அதை எழுதியவர் நலமாக இருக்கிறாரா என்ற வினா முன்வந்தது.

எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்குச் சசூன் அனுப்பப்பட்டார். அங்கே அவரைக் கவனித்தவர் டாக்டர் ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர் இவரே. சசூனிடம் நரம்புக் கோளாற்றுக்கான உடற்குறி எதுவுமில்லை, தம் செயலைப் பற்றி அவர் தெளிவாகவும் அறிவுக்கிசைந்தும் பேசுகிறார் என்றே ரிவர்ஸ் குறித்து வைத்தார். அமைச்சரின் சொல் நாடறிய ஒலித்தது. மருத்துவரின் குறிப்போ மருத்துவமனைக் கோப்பில் தங்கிவிட்டது.

அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகளும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இந்தியாவின் வைசிராயாக இருந்தவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான லான்ஸ்டவுன் பிரபு, பேச்சுவார்த்தை வழியே அமைதி காண வேண்டுமென ஒரு கடிதம் எழுதினார். 'டைம்ஸ்' அதை ஏற்க மறுத்தது. நவம்பர் 29ஆம் நாள் 'டெய்லி டெலிகிராப்' வெளியிட்டதும் நார்த்கிளிப்பின் ஏடுகள் அவர்மீது கண்டனங்களைப் பொழிந்தன. போர் எதிர்ப்பாளர் மோரல், சுவிட்சர்லாந்திலிருந்த ரோமெய்ன் ரோலந்துக்குத் துண்டு வெளியீடுகளை அனுப்ப முயன்றதற்காக அதே ஆண்டில் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 'டிரிப்யூனல்' என்னும் சிற்றிதழில் எழுதிய கட்டுரைக்காக ரஸ்ஸல் 1918இல் சிறை புகுந்தார். கவிஞருக்கு மருத்துவமனை, பிரபுவுக்கு வசை, அறிஞருக்குச் சிறை என ஆளுக்கேற்ப விடை வேறுபட்டது. எழுப்பப்பட்ட வினாவுக்கோ அரசிடமிருந்து நேரான விடை கிடைக்கவில்லை.

அரசு விடையளிக்காதது அறியாமையால் அன்று. மக்கள் உண்மையை அறிந்தால் போர் நாளையே நின்றுவிடும், ஆனால் அவர்கள் அறியவில்லை, அறியவும் இயலாது என்ற பொருளில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1917 டிசம்பர் இறுதியில் 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியர் ஸ்காட்டிடம் கூறினார். ஆசிரியர் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஓர் இதழாசிரியர் கேட்ட அவ்வாண்டின் பெருஞ்செய்தி, இதழின் வாசகர்களைச் சென்றடையவில்லை.

சசூன் அவ்வாண்டு நவம்பரில் பணிக்குத் தகுதியானவர் எனச் சான்று பெற்று, தம் வீரர்களைக் கைவிட மனமின்றி மீண்டும் களம் சென்றார். அவரது எதிர்ப்பு அத்துடன் தோற்றதாகவே அன்று தோன்றியிருக்கும். ஆனால் அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவரும் அதன் இதழான 'ஹைட்ரா'வின் ஆசிரியருமான வில்பிரட் ஓவன் என்னும் இளைஞர் அவரை நாடி வந்தார். சசூனின் கவிதையைத் தம் இதழில் வெளியிட்டார். அவரிடம் கற்று, போரின் துயரைப் பாடும் கவிஞராக வளர்ந்தார். போர் நிறுத்தத்திற்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4ஆம் நாள், ஓவன் களத்தில் மாண்டார். சசூனின் 'எதிர்த்தாக்குதல்' என்னும் தொகுதி அவ்வாண்டே வெளிவந்திருந்தது. அறிக்கையை எழுதியவர் நோயாளி என்று ஒரு வரியில் ஒதுக்க முடிந்தது. அக்கவிதைகளை அவ்வாறு ஒதுக்க இயலவில்லை. அமைச்சரின் விடை பழைய நாளிதழ்க் கட்டுகளில் கிடக்க, கவிஞர்களின் வினாவை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் படித்து வருகிறது.