பெயரில்லாத வேடங்கள்

1937இல் இலங்கையின் கம்பளையில் பிறந்து, பிரிட்டனில் குணச்சித்திர நடிகரானவர் ஆல்பர்ட் மோசஸ். 1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் ஆங்கிலம் படிக்க வரும் சீக்கியர் ரஞ்சித் சிங் அவர்தான். அதே ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படமான 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் மதுக்கூடப் பணியாளர். 1981இல் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் மருத்துவமனைப் பணியாளர். அந்த வேடத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

நியூஜெர்சியில் செவிலியான எனக்கு அது உறுத்துகிறது. நோயாளியைத் தள்ளிச்செல்லும் அந்த மனிதர் இல்லாமல் எந்த வார்டும் ஓடாது. அந்தத் தொடர் குடியேறிகளின் பேச்சைக் கேலி செய்தது என்ற விமர்சனம் நியாயமே. ஆனால் அன்று நம் நிறத்தவருக்குத் திறந்தவை பெரும்பாலும் இத்தகைய கதவுகள்தாம். சிரிப்பது வேடத்தைப் பார்த்தா, நம்மைப் பார்த்தா என்று கேட்டபடியே, 2017இல் மறைந்த அந்த நடிகரை மரியாதையோடு நினைப்போம்.