தட்டல் ஓசையின் வரலாறு

பழைய மோட்டார் எஞ்சினின் பிணியை அதன் குரலைக் கொண்டே அறிய முயல்வது வழக்கம். ஓட்டம் சீர்கெட்டுத் திக்கினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். கார்புரேட்டர் வழியே எதிர்வெடி கேட்டால், கலவையில் காற்று மிகுந்ததோ, பொறி பாயும் நேரம் தவறியதோ என்று ஐயுறுவர். மேடேறும்போது சுத்தியலால் அடிப்பது போன்ற தட்டல் கேட்டால் என் செய்வது? இம்மூன்றாவது ஓசையின் காரணத்தைத் தேடிய வரலாற்றையே மாணவர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவில் டேடன் நகரில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டரையும், பாட்டரியால் பொறியெழுப்பும் முறையையும் அமைத்துத் தந்தார். புதியதன்மேல் பழி விழுவது இயல்பன்றோ? தட்டலுக்குப் பாட்டரிப் பொறியே காரணம் என்றனர் பலர். மறுப்பது எளிது, நிரூபிப்பது அரிது. தம்மிடம் பணிக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லியிடம் 1916-இல் அவ்வாராய்ச்சியைக் கெட்டரிங் ஒப்படைத்தார்.

சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதை மிட்ஜ்லி படமாகப் பதிவு செய்தார். பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டிருந்தால், அழுத்தமும் முன்னதாகவே ஏறியிருக்க வேண்டும். ஆனால் பொறி பாய்ந்து எரிதல் தொடங்கிய பின்னரே அது திடீரென எகிறியது. எரியாது எஞ்சிய கலவை நெருக்குண்டு, தானாகவே ஒருங்கே பற்றியதன் விளைவு அது. ஆகவே குற்றம் பொறியிலன்று, எரிபொருளில்.

மருந்து தேடியபோது விந்தையொன்று நிகழ்ந்தது. எரிபொருள் சிவப்பு நிறமாயின் வெப்பத்தை நன்கு ஏற்கும் என்றெண்ணி, கையில் கிடைத்த அயோடினைக் கலந்தனர். தட்டல் அடங்கிற்று! ஆயினும் வேறு சாயங்களைக் கலந்தபோது பயன் விளையவில்லை. நிறத்தைப் பற்றிய கொள்கை தவறு, அயோடினின் இயல்பே காரணம் என்பது அதனால் புலனாயிற்று. அயோடின் விலை மிக்கது. எஞ்சினின் உலோகத்தையும் அரிக்க வல்லது. எனவே தேடல் தொடர்ந்தது. 1921 டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயம் சிறிதளவே தட்டலை அடக்குவதைக் கண்டனர்.

ஈயம் நஞ்சென்பது பழங்காலம் முதலே அறிந்த செய்தி. 1924-இல் நியூ ஜெர்ஸியில் அதனைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். எத்தில் ஆல்கஹாலும் தட்டலைக் குறைக்கும் என்பதை மிட்ஜ்லியே அறிந்திருந்தார். எனினும் ஈயப் பெட்ரோலே உலகெங்கும் பரவி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியா அதனை 2000-இல் நிறுத்தியது. மோட்டார் வண்டிகளுக்கு அதனை விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது.

பிணியைச் சரியாகக் கண்டறிந்த மதிநுட்பத்தை நான் போற்றுகிறேன். ஆனால் எஞ்சினின் ஓசை அடங்கியதையே வெற்றியாகக் கொண்டவர்கள், அதன் புகையைச் சுவாசிப்போரை எண்ணவில்லை. மருந்தைச் சோதிக்கும்போது அவர்களையும் எண்ணுவதே நிறைவான ஆராய்ச்சி என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.